வெற்றுச் சுட்டிக்கு இரண்டு அர்த்தம்: ரீட்டிர் பற்றி ஒரு மதிப்புரை

பதினோரு வருடமாக ஒரு பேக்கப் நிரலை சி மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறேன். அது செய்வது இவ்வளவுதான்: ஒரு கோப்பகத்தைத் திறந்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்டு, ஒவ்வொன்றையும் இன்னொரு வட்டில் நகலெடுத்து வைப்பது. நகலெடுப்பது சுலபம். கேட்பதுதான் கஷ்டம் என்று எனக்குப் புரிய நான்கு வருடம் ஆனது. கேட்கும் வேலையைச் செய்வது சி நூலகத்தின் ரீட்டிர் (readdir): ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் கோப்பகத்திலுள்ள அடுத்த பெயரைத் தரும். கோப்பகத்தைத் திறக்கும் ஓபன்டிர், மூடும் குளோஸ்டிர் இரண்டும் அதன் கூடப்பிறந்தவை. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த அந்த ஒன்றைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அதன் அருமை. 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ரீட்டிர் கிடையாது. கோப்பகத்தையும் சாதாரணக் கோப்பு போலவே திறந்து பைட் பைட்டாகப் படித்தார்கள். ஒவ்வொரு பதிவும் 16 பைட்: ஐநோடு எண்ணுக்கு (கோப்பை அடையாளம் காட்டும் எண்) 2, பெயருக்கு 14. பெயர் சரியாக 14 எழுத்து இருந்துவிட்டால் பெயர் முடிந்ததைக் காட்டும் பூஜ்ய பைட் கடைசியில் இருக்காது. அதை மறந்த நிரல் அடுத்த பதிவுக்குள்ளும் படித்துக்கொண்டே போகும். 1983-ல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை 255 பைட் வரை நீளும் பெயர்களை அனுமதித்தது. பதிவுகளின் நீளம் ஒன்றுக்கொன்று மாறியது. அந்தச் சிக்கலையெல்லாம் உள்ளே வைத்து மூடி, "அடுத்த பெயரைக் கொடு" என்று மட்டும் கேட்க வைத்தது ரீட்டிர். நாற்பது வருடம் தாண்டியும் அதே நான்கு வரிச் சுழல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையிலும் ஓடுகிறது, எக்ஸ்எஃப்எஸ் முறைமையிலும் ஓடுகிறது, நெட்வொர்க்கில் ஏற்றிய வட்டிலும் ஓடுகிறது. இப்படி நிலைத்து நின்ற இடைமுகங்கள் அதிகமில்லை.

இனி குறை. பெயர்கள் தீர்ந்ததும் ரீட்டிர் வெற்றுச் சுட்டியை (NULL, எதையும் சுட்டாத முகவரி) திருப்பித் தரும். படிக்கும்போது பிழை நேர்ந்தாலும் அதே வெற்றுச் சுட்டிதான். இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி எர்நோ, அதாவது கடைசியாக நேர்ந்த பிழையின் எண் பதிவாகும் மாறி: அழைக்கும் முன் அதைப் பூஜ்யமாக்க வேண்டும், வெற்றுச் சுட்டி வந்தபின் அதைப் பார்க்க வேண்டும். இன்னும் பூஜ்யமாக இருந்தால் முடிந்தது. வேறு எண் இருந்தால் பிழை. கையேட்டில் இது தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆனால் பாடங்களிலும் மாதிரிகளிலும் நான் பார்த்துக் கற்ற சுழல், வெற்றுச் சுட்டி வரும்வரை ஓடு, பிறகு மூடு என்பதுதான். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

என் அக்காவின் கணினியில் ஒரே கோப்பகத்தில் ஏறத்தாழ 40,000 படங்கள், நெட்வொர்க் வட்டு ஒன்றில். ஒருநாள் இரவு பாதிப் பட்டியலில் இணைப்பு தடுமாறியிருக்கிறது. ரீட்டிர் ஈஐஓ என்ற உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழையை எர்நோவில் வைத்துவிட்டு வெற்றுச் சுட்டியைத் தந்தது. என் நிரல் பட்டியல் முடிந்ததாக எடுத்துக்கொண்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மூலத்தில் இல்லாத கோப்பை நகலிலும் நீக்கும் வசதி என் நிரலில் உண்டு. பட்டியலில் வராத ஏறத்தாழ 29,000 படங்களை மூலத்தில் அழிந்தவை என்று கருதி, நகலிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு, "வெற்றி" என்று பதிந்துவிட்டுப் போய்விட்டது. மூலம் நல்லபடியாக இருந்ததால் மீண்டும் நகலெடுக்க முடிந்தது. அதே வாரம் மூல வட்டு செத்திருந்தால் அவளிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

திருத்தினேன், அதையும் முதல் தடவை தப்பாகத் திருத்தினேன். எர்நோவைச் சுழலுக்கு வெளியே ஒரே ஒருமுறை பூஜ்யமாக்கினேன். சுழலுக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் விவரத்தைக் கேட்கும் எல்ஸ்டாட் அழைப்பு இருக்கிறது. பட்டியலில் வந்த ஒரு தற்காலிகக் கோப்பு அதற்குள் மறைந்துவிட்டால் எல்ஸ்டாட் ஈநோஎன்ட் (அப்படி ஒரு கோப்பு இல்லை) என்று எர்நோவில் எழுதிவிடும். அது சகஜம், நான் அதைத் தாண்டிப் போய்விடுவேன். ஆனால் எர்நோவில் அந்த எண் ஒட்டிக்கொண்டே இருக்கும். வெற்றி பெற்ற அழைப்பு எதுவும் அதைப் பூஜ்யமாக்குவதில்லை. கடைசியில் ரீட்டிர் நியாயமாகவே முடிந்தது என்று சொன்னாலும் என் நிரல் பிழை என்று அலறியது. ஆகவே பூஜ்யமாக்கும் வரி சுழலுக்குள்ளே, ஒவ்வொரு ரீட்டிருக்கும் நேர் முன்னால் இருக்க வேண்டும். இடையில் ஒரு அச்சு வரிகூடக் கூடாது. கோப்புகளைப் பட்டியலிடும் குனு எல்எஸ் நிரலின் மூலத்தைத் திறந்து பாருங்கள்: எர்நோவைப் பூஜ்யமாக்கு, அழை, வெற்றுச் சுட்டியென்றால் எர்நோவைப் பார், பிழையென்றால் எந்தக் கோப்பகம் என்று சொல். இதைக் கற்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ரீட்டிர்_ஆர் என்று ஒன்று இருக்கிறதே, பிழை எண்ணைத் தனியாகத் திருப்பித் தருகிறதே என்று கேட்பீர்கள். தொடாதீர்கள். பெயரை வைக்கும் இடத்தை நாமே ஒதுக்கித் தர வேண்டும், அதன் அளவையோ அதனிடம் சொல்லவே வழியில்லை. லினக்ஸில் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியின் 2.24 பதிப்பிலேயே, 2016-ல், அதை ஓரங்கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு த்ரெட்டும் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் கிளை) தனித்தனியாக ஓபன்டிர் செய்துகொண்டால் சாதாரண ரீட்டிரே போதும்.

ரீட்டிர் திருப்பித் தரும் டிரென்ட் அமைப்பில் டி_டைப் என்று ஒரு புலம் உண்டு. கோப்பா, கோப்பகமா, சிம்லிங்கா (வேறொரு பாதையைச் சுட்டும் இணைப்பு) என்பதை எல்ஸ்டாட் இல்லாமலே சொல்லிவிடும். லட்சக்கணக்கான கோப்புகளில் அது பெரிய மிச்சம். ஆனால் சில கோப்பு முறைமைகள் அங்கே "தெரியாது" என்று மட்டும் தரும். என் வட்டில் எப்போதும் சரியாக வருகிறதே என்று அந்தக் கிளையை எழுதாமல் விட்டால், வேறொருவர் வட்டில் மொத்தக் கோப்பக மரமும் தவறிப்போகும். "தெரியாது" வந்தால் எல்ஸ்டாட் செய்யுங்கள். இன்னொன்று: கோப்பகம் என்று பார்த்த நொடிக்கும் அதைத் திறக்கும் நொடிக்கும் இடையில் யாராவது அங்கே சிம்லிங்கை மாற்றி வைக்கலாம். மரத்தையே அழிக்கும் நிரலுக்கு இது விபரீதம். ரஸ்ட் மொழியோடு வரும் ஸ்டாண்டர்ட் நூலகத்திலேயே இந்த ஓட்டை இருந்து, 2022 ஜனவரியில் 1.58.1 பதிப்பில் அடைத்தார்கள். சிம்லிங்கைப் பின்தொடராதே என்ற கொடியோடு ஓபன்அட் அழைப்பால் திறந்து, திறந்த கோப்பகத்துக்குக் கிடைத்த எண்ணை, ஓபன்டிரைப் போன்ற ஆனால் பெயருக்குப் பதில் எண்ணை வாங்கும் எஃப்டிஓபன்டிரிடம் கொடுப்பதே வழி.

படிக்கும்போதே கோப்புகள் சேர்ந்தாலோ நீங்கினாலோ அவை பட்டியலில் வருமா? வரலாம், வராமலும் போகலாம். யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பாசிக்ஸ் தரநிலை உறுதி தரவில்லை. அதனால் பெயர்களை முழுக்கத் திரட்டிக்கொண்ட பிறகே அழிக்கும் வேலையைத் தொடங்குகிறேன். பாதியில் நின்று பிறகு அதே இடத்திலிருந்து தொடர டெல்டிர், சீக்டிர் இரண்டும் இருக்கின்றன. நான் அவற்றை விட்டு விலகியே இருக்கிறேன். பிஎஸ்டி நூலகத்தின் சீக்டிரில் இருந்த ஒரு தவறு 4.2 காலத்திலிருந்தே ஒளிந்திருந்து, 25 வருடம் கழித்து 2008-ல்தான் பிடிபட்டது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்காக ஒன்று. லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. சாய்கோடும் பூஜ்ய பைட்டும் தவிர எதுவும் இருக்கலாம். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 255 பைட் வரம்பில் 85 குறியீடுதான் அடங்கும், புள்ளி வைத்த மெய்யெழுத்து ஒவ்வொன்றும் அதில் இரண்டைத் தின்றுவிடும். "தமிழ்" என்ற சொல்லுக்கே 15 பைட். அதைவிடப் பெரிய தொல்லை ஒகர உயிர்மெய்யில் இருக்கிறது. "கொ" என்பதை ககரம், ஒகரக் குறி என்று 6 பைட்டிலும் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று 9 பைட்டிலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயரைப் பிரித்த வடிவத்தில்தான் வைத்துக்கொள்ளும். "கொடி" என்று 6 பைட் "கொ"வோடு எழுதிய கோப்பை ரீட்டிர் 9 பைட் "கொ"வோடு திருப்பித் தரும். பைட்டுக்கு பைட் ஒப்பிட்ட என் நிரல் தினமும் அதை நீக்கி, தினமும் புதிதாக நகலெடுத்துக்கொண்டிருந்தது. இப்போது ஒப்பிட மட்டும் இருபக்கமும் ஒரே வடிவத்துக்கு மாற்றுகிறேன். திறக்கும்போது ரீட்டிர் தந்த பைட்டுகளை அப்படியே கொடுக்கிறேன்.

ரீட்டிருக்கு அடியில், இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் நேராகக் கேட்கும் கெட்டென்ட்ஸ்64 இருக்கிறது. ஜிலிப்சி 2.30 முதல் அதை நேரடியாகவே அழைக்கலாம். அங்கே குழப்பமே இல்லை: பூஜ்யம் என்றால் முடிந்தது, எதிர்ம எண் என்றால் பிழை. பதிவுகளை வாங்கி வைக்கும் இடமான பஃபரையும் நாமே பெரிதாக வைக்கலாம். ஆனால் பதிவிலிருந்து பதிவுக்கு, பதிவின் நீளத்தைத் தரும் டி_ரெக்லென் புலம் சொல்லும் தூரம் மட்டுமே தாண்ட வேண்டும், நிரல் லினக்ஸோடு கட்டுண்டு போகும். கோடிக்கணக்கில் கோப்பு உள்ள கோப்பகம் இல்லையென்றால் ரீட்டிரே போதும் என்பது என் தீர்ப்பு.

வாங்கிய பொருளை ஆட்டிப் பார்ப்பதுபோல இதையும் சோதிக்க முடியும். 40,000 வெற்றுக் கோப்புகள் உருவாக்குங்கள், ஒவ்வொரு பெயரும் 12 பைட். கெர்னலின் பதிவுத் தலைப்பு 19 பைட், பெயர் 12, பூஜ்ய பைட் 1; ஆக 32. ஜிலிப்சி சாதாரணமாக 32,768 பைட் பஃபரில் கேட்கும் என்பதால் ஒரு அழைப்புக்கு 1,024 பதிவு. நிரல் கெர்னலை அழைப்பதைக் கண்காணிக்கும் எஸ்ட்ரேஸ் கருவிக்கு அப்படியோர் அழைப்பை வேண்டுமென்றே தோற்கடிக்கத் தெரியும். மூன்றாவது கெட்டென்ட்ஸ்64 அழைப்புக்கு ஈஐஓ கொடுக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு அழைப்பின் 2,048 பதிவில், கோப்பகத்தையும் அதன் மேல் கோப்பகத்தையும் குறிக்கும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி இரண்டையும் கழித்தால் 2,046 பெயர்தான் கிடைக்கும். என் பழைய நிரல் அந்த 2,046-ஐ முழுப் பட்டியலாக எடுத்துக்கொண்டு, மீதி எல்லாவற்றையும் நகலில் நீக்கிவிட்டு வெற்றி என்றது. இப்போதையது அதே இடத்தில் நின்று, கோப்பகத்தின் பெயரையும் பிழையையும் அச்சிட்டு, நகலில் எதையும் தொடாமல் வெளியேறுகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் இந்தச் சோதனையை ஓட்டிவிட்டுத்தான் அக்காவின் கணினியில் ஏற்றுகிறேன்.