கிளிநொச்சியில பெயர் பார்க்கிற கடை: குறிப்புக்கு 4 ஸ்டார், பெயருக்கு 1

மகன்ர 31ம் நாள் சடங்குக்கு முதல் பெயரை முடிவெடுக்கோணும் எண்டு போன கிழமைக்கு முதல் கிழமை கிளிநொச்சி டவுனில ஏ9 ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு சாத்திரக் கடைக்குப் போனனாங்கள். கடைப் பெயரை நான் போடேல்ல, அந்த ஐயாவோட எனக்குக் கோபதாபம் ஒண்டும் இல்லை, ஆனா கைப்பிள்ளையோட உப்பிடிக் கடையளுக்குப் போகப்போற ஆக்களுக்கு உதவும் எண்டு எழுதிறன்.

முதல் நல்லதைச் சொல்லுறன். பிள்ளையின்ர சாதகக் குறிப்பு உண்மையிலயே வடிவா எழுதித் தந்தவர். பிறந்த நேரத்தை ரெண்டு தரம் கேட்டவர், ஆஸ்பத்திரித் துண்டையும் வாங்கிப் பார்த்தவர், அஞ்சு நிமிசம் முன்னப் பின்ன எண்டாலும் சொல்லுங்கோ எண்டவர். மகன் ரோகிணி, அதுக்கு ஓ, வ, வி, வு எண்ட நாலு எழுத்தில பெயர் தொடங்கோணும் எண்டு பொறுமையா விளங்கப்படுத்தினவர். குறிப்புக்கு 2500, பெயருக்கு 1500 எண்டு முதலே சொல்லிப்போட்டார், பேந்து கூட்டிக் கேக்கேல்ல. மனிசிக்கு ஃபேனுக்குக் கீழ கதிரை போட்டுத் தந்தவை. இதுக்கெல்லாம் 4 ஸ்டார் தாராளமாக் குடுக்கலாம்.

பிரச்சினை பெயரில தான் தொடங்கினது. மனிசி விதுரன் எண்டு மாசக்கணக்கா மனசில வச்சிருந்தவ, மகாபாரதத்தில நியாயம் கதைச்ச ஆள் எண்டதால. எழுத்தும் ரோகிணிக்குச் சரி. ஆனா ஐயா இங்கிலீஷ் எழுத்தை எழுதி இலக்கம் போடத் தொடங்கிட்டார். கல்தேயர் முறை எண்டு சொல்லுவினம், ஒவ்வொரு எழுத்துக்கும் 1ல இருந்து 8 வரைக்கும் ஒரு இலக்கம், 9 ஒரு எழுத்துக்கும் இல்லை. வி 6, ஐ 1, ரீ 4, எச் 5, யூ 6, ஆர் 2, ஏ 1, என் 5, கூட்டினா 30. இந்தப் பிள்ளைக்கு 30 சரிவராது தம்பி, 32க்குக் கொண்டு வருவம் எண்டு சொல்லி ஒரு ஐயும் ஒரு ஏயும் கூடப் போட்டு, சிவப்பு மையில வட்டம் கீறித் தந்தார். பதிவில பிள்ளையின்ர பெயரைத் தமிழில எழுதிறம், வீட்டில தமிழில கூப்பிடுறம், கூட்டிக் கழிக்கிறது மட்டும் இங்கிலீஷ் எழுத்தை. அந்த ரெண்டு எழுத்தையும் பள்ளிக்கூடம், ஐடி, பாஸ்போட், பாங்க் எண்டு சாகும் வரைக்கும் எழுத்துக்கூட்டிச் சொல்லப்போறது என்ர பிள்ளை தானே. என்ர மச்சான் ஒருத்தனுக்கு ஓ.எல் பத்திரத்தில ஒரு எச், பாஸ்போட்டில ரெண்டு எச், வெளிநாட்டு வேலைக்குப் போகேக்க சத்தியக்கடதாசி முடிச்சு ரெண்டு மாசம் இழுபட்டவன்.

எண்டாலும் 1 ஸ்டாருக்குக் காரணம் அது இல்லை.

எங்களுக்கு முதல் ஒரு இளம் தகப்பன் இருந்தவர், மடியில பத்துப் பன்ரெண்டு நாள் பெடியன் நல்ல நித்திரை. அவர் ஹிட்லர் எண்டு பெயர் வைக்கோணும், பிள்ளை ஒருத்தருக்கும் பயமில்லாமல் நிமிர்ந்து நிக்கோணும் எண்டார். ஐயா பேனையை எடுத்து 5, 1, 4, 3, 5, 2 எண்டு போட்டு, 20 வருது, நல்ல இலக்கம் தம்பி, வைக்கலாம் எண்டு துண்டை நீட்டிட்டார். ஒரு சொல் கேக்கேல்ல. 60 லட்சம் யூத சனத்தைக் கொன்றவன்ர பெயர் அது, பிள்ளையள் எண்டும் பாராமல் முகாமில அடைச்சுக் கொன்றவன். முகாம் வாழ்க்கை என்னெண்டு தெரிஞ்ச எங்கட மண்ணில அந்தப் பெயரைச் சொல்லி ஒரு குழந்தையைச் சாப்பிடக் கூப்பிடுறதோ? எனக்குக் கை நடுங்கினது. அவர் போன பிறகு, ஐயா, அது ஆற்ற பெயர் எண்டு அந்தத் தம்பிக்கு ஒருக்காச் சொல்லியிருக்கலாமே எண்டு கேட்டன். "நான் இலக்கம் பாக்கிறனான் தம்பி, பெயர் பெத்த தாய் தேப்பன்ர விருப்பம்" எண்டார்.

அந்த விருப்பம் எதுவரைக்கும் போகலாம் எண்டு அண்டைக்கு ராத்திரி முழுக்க யோசிச்சன். பிரான்சில நியூட்டெல்லா எண்டு சொக்லேட் பூசுற சாமான்ர பெயரைப் பிள்ளைக்கு வைச்ச தாய் தேப்பனை 2014ல கோட் மறிச்சு, பிள்ளையைப் பகிடி பண்ணுவினம் எண்டு சொல்லி எல்லா எண்டு மாத்தினது. நியூசிலாந்தில ஒரு பெம்பிளப் பிள்ளைக்கு, தலூலா ஹவாயில இருந்து ஹூலா ஆடுறா எண்டு முழு வசனத்தையே பெயரா வைச்சவை, அது வெக்கத்தில சிநேகிதப் பிள்ளையளுக்குக் கூடத் தன்ர பெயரைச் சொல்லேல்லையாம், 2008ல நீதிபதி அந்த 9 வயசுப் பிள்ளையைக் கோட்டின்ர பொறுப்பில எடுத்துத்தான் பெயரை மாத்த விட்டவர். ஒன்பது வருசம் அந்தப் பிள்ளை அதைச் சுமந்திருக்கு. ஐ.நா சிறுவர் உரிமைச் சமவாயத்தின்ர 7ம் உறுப்புரை பிறந்த நேரத்தில இருந்து பெயர் பிள்ளையின்ர உரிமை எண்டுது, இலங்கையும் 1991ல அதை ஏற்றுக்கொண்டது.

அதுக்காக அரசாங்கம் ஒரு லிஸ்டை வைச்சுக்கொண்டு இது சரி அது பிழை எண்டு சொல்லோணும் எண்டும் நான் கேக்கேல்ல. ஐஸ்லாந்தில 1991ல இருந்து பெயருக்கெண்டே ஒரு குழு இருக்கு, ப்ளேர் எண்ட பெயர் ஆம்பிளப் பெயர் எண்டு அவை மறுத்ததால ஒரு பிள்ளை 15 வயசு வரைக்கும் அரச கடதாசியளில வெறும் "பெண் பிள்ளை" எண்டு தான் இருந்தது, 2013ல கோட்டுக்குப் போய்த்தான் தன்ர பெயரை எடுத்தது.

பெயரை ஆக்கள் எப்பிடிப் பார்ப்பினம் எண்டு எனக்குத் தெரியும். என்ர பெயர் அப்பான்ர சிநேகிதன் ஒருத்தர்ர பெயர், களத்தில இல்லாமல் போனவர், அப்பா அழுதழுது வைச்ச பெயர். 2009ல செட்டிகுளம் முகாமில பதியேக்க எனக்கு 13 வயசு. பெயரைக் கேட்ட உடன அம்மா என்ர கையை இறுக்கிப் பிடிச்சவ, ரெண்டு மூண்டு செக்கன் வாய் திறக்கேல்ல, பிறகு தான் சொன்னவ. அந்தப் பிடி இப்பவும் கையில இருக்கு. நான் பெயரை மாத்தேல்ல, மாத்தவும் மாட்டன், அந்த மாமா நல்ல மனிசன். ஆனா அப்பான்ர துக்கத்தைச் சுமந்துகொண்டு அந்த மேசைக்கு முன்னால நிண்டது நான். அதால தான் மகனுக்கு முள்ளிவாய்க்காலில விட்ட சித்தப்பான்ர பெயரை வைப்பம் எண்டு அம்மா கேட்டபோது, படத்துக்குப் பூ வைப்பம் அம்மா, கதையைப் பெடியனுக்குச் சொல்லி வளப்பம், அவன் வளந்து தானா விரும்பினா எடுக்கட்டும் எண்டு சொன்னன். அம்மா ஒரு நாள் என்னோட கதைக்கேல்ல. பேந்து 31 அண்டைக்கு அவவே மடியில வைச்சு, விதுரன், விதுரன், விதுரன் எண்டு மூண்டு தரம் காதில சொன்னவ. எழுத்தும் பழைய எழுத்துத் தான், கூட்டுத்தொகை 30.

குறிப்பு எழுத எண்டா அந்தக் கடைக்கு நம்பிப் போங்கோ. பெயருக்கு எண்டா அந்த 1500ஐ மிச்சம் பிடியுங்கோ.

அண்டைக்கு எங்களுக்கு முன்னால இருந்த தம்பி, நீங்கள் இதை வாசிச்சா, பதியிறதுக்கு 42 நாள் இருக்கு, உங்கட பெடியனுக்கு இன்னும் அவ்வளவு ஆகியிருக்காது. பதிவாளரிட்டப் போக முதல் அந்தப் பெயரைப் போனில ஒருக்காத் தேடி, வாற படங்களைப் பாருங்கோ.