"இன்னைக்கு அயிரை இல்லை" என்று சொல்லும் மெஸ்

மெஸ்ஸின் பெயரை எழுதப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மொத்தமே ஆறு மேஜை, ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்கக்கூட இடம் கிடையாது, இதில் நான் வேறு எழுதி ஆள் சேர்த்துவிட்டால் அடுத்த முறை எனக்கே சோறு கிடைக்காது. மதுரையில், வைகைக்கு வடகரையில், செல்லூர்ப் பக்கம். மதுரைக்காரர்களுக்கு இதுவே அதிகம், வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான்கு முறை போயிருக்கிறேன். அதில் இரண்டு முறைதான் அயிரை மீன் கிடைத்தது. முதல் தடவை மச்சானையும் கூட்டிக்கொண்டு, அயிரை அயிரை என்று வழியெல்லாம் பெருமை பேசிக்கொண்டு போய் உட்கார்ந்தால், கல்லாவில் இருந்த அண்ணன், "வரத்து இல்ல தம்பி, கெளுத்தி இருக்கு, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். மச்சான் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் என் கதை வேண்டும். படிப்பு முடித்த கையோடு ஒன்றரை வருடம் ஒரு மீன் கணக்கெடுப்பில் ஒப்பந்த உதவியாளனாக இருந்தேன். கண்மாய் கண்மாயாகப் போய் வலை போட்டு, விழுந்ததை அளந்து, எடை பார்த்து, எழுதிக்கொண்டு திரும்பத் தண்ணீரில் விடுகிற வேலை. முதல் வாரம் எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: வலையில் எதுவும் விழாத நாளிலும் வெறுமனே வந்துவிடாதே, எத்தனை மணி நேரம் வலை போட்டாய் என்பதையும் அதற்கு எதிரே 0 என்பதையும் எழுது. எத்தனை மீன் கிடைத்தது என்பது தனியாக நின்றால் ஒன்றும் சொல்லாது, எவ்வளவு தேடிய பிறகு கிடைத்தது என்பதுதான் குளத்தின் நிலைமையைச் சொல்லும். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் வருடத்தில் 365 நாளும் "அயிரை ரெடி" என்று பலகை வைத்திருக்கும் கடைகளைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சந்தேகம் வீண் போகவில்லை. ஒரு சித்திரை மாதத்தில், வேறொரு கடையில், அயிரை என்று கொண்டுவந்து வைத்ததை நகத்தால் புரட்டிப் பார்த்தேன். நல்ல செதில் செதிலாகப் பொடிக்கெண்டை. அயிரைக்குச் செதில் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, வாயோரம் மீசை இருக்கும், கண்ணுக்குக் கீழே மடங்கி நிமிரும் சின்ன முள் ஒன்று இருக்கும். சர்வரிடம் சொன்னேன், அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு பில்லை வைத்துவிட்டுப் போனார்.

சரி, நம்ம மெஸ்ஸுக்கு வருவோம். இங்கே அயிரை உயிரோடு வருகிறது, அகலமான அலுமினிய அன்னக்கூடையில் தண்ணீருக்குள் நெளிந்துகொண்டு. செத்த அயிரையை வாங்குவதில்லை என்று சமையல்கட்டில் இருந்த அக்கா சொன்னார். மணலில் புதைந்து வாழ்கிற மீன் என்பதால் வயிறு முழுக்க மண்தான் இருக்கும், இந்த விரல் நீள மீனைக் குடல் எடுத்துச் சுத்தம் செய்ய யாராலும் ஆகாது. ஆகவே கொஞ்ச நேரம் பாலில் விட்டு, அது தானாகவே கக்கி முடித்தபிறகு, மண்சட்டியில் கல்லுப்பு போட்டு உரசி உரசிக் கழுவுகிறார்கள். இந்தக் குடும்பத்து மீன்கள் தண்ணீரில் காற்று குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடலாலேயே மூச்சுவிடக் கூடியவை, கூடையில் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதும் அதனால்தான்.

குழம்பு அருமை. புளி கொஞ்சம் தூக்கல், சின்ன வெங்காயம் முழுசு முழுசாக, தேங்காய் அரைத்து ஊற்றியது, இரண்டு கீற்று மாங்காய். மீனை முள் எடுக்காமல் தலையோடு வாயில் போட்டு மென்றுவிட வேண்டும், லேசான ஒரு கசப்பு கடைசியில் நாக்கில் நிற்கும், அது இல்லையென்றால் அயிரை இல்லை. இரண்டாவது முறை போனபோது மண் கடிபட்டது, ஒரே ஒரு வாய்தான், ஆனாலும் கடிபட்டது. ஒரு சின்னக் கிண்ணம் 320 ரூபாய். அதிகம்தான். கூட்டமான நாளில் கிண்ணத்தில் குழம்பு அதிகமாகவும் மீன் குறைவாகவும் ஆகிவிடுகிறது, இதை அண்ணனிடமே சொன்னேன், சிரித்தார்.

ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு: அயிரை ஒன்றும் அழியப்போகிற மீன் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கவில்லை. உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் அது கவலை குறைந்த வகையில்தான் இருக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாக உள்ள மீன், 1846ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்ததே திருகோணமலைப் பக்கம் கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்ததை வைத்துத்தான், பெயரில் இருக்கும் தெர்மாலிஸ் என்பது அந்த வெந்நீர். ஆனால் பட்டியலில் பத்திரமாக இருப்பதும் உங்கள் ஊர்க் கண்மாயில் இருப்பதும் வேறு வேறு. மணலை அள்ளிவிட்டால் இது புதைய இடமில்லை, மடையும் வாய்க்காலும் அடைபட்டால் முதல் மழைக்கு ஏறிப் போக வழியில்லை.

இதைவிட எனக்கு எரிச்சலைக் கிளப்புகிற விஷயம் வேறு. மீன் வளர்ப்புக் கையேடுகளில் இந்த மாதிரி நாட்டுப் பொடிமீன்களுக்கு வைத்திருக்கும் பெயர் "களை மீன்". வயலில் புல்லைக் களைவது போல இதைக் களைய வேண்டுமாம். 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் மீன் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்துக் காட்டினார், அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கப்புறம் கங்கைக் கெண்டைகளான கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. குத்தகைக்கு எடுத்தவர் குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்துவிட்டால் உள்ளே இருக்கும் விரால், குரவை, அயிரை எல்லாம் செத்து மிதந்துவிடும், சுத்தமான குளம். 1952ல் வெளிநாட்டிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டையோ இன்னும் பெருகிக்கொண்டிருக்கிறது.

கெண்டை வளர்ப்பதை நான் குறை சொல்லவில்லை, அது பல வீட்டு அடுப்பை எரிய வைத்திருக்கிறது. ஆனால் பொடிமீனைக் கொல்லாமலும் கெண்டை வளர்க்கலாம், வங்கதேசத்தில் இதைச் செய்து பார்த்தே விட்டார்கள். மோலா என்ற பொடிமீனைக் கொல்லாமல் கெண்டைகளோடு ஒரே குளத்தில் வளர்த்தால் கெண்டை விளைச்சல் குறையவில்லை, உபரியாகச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் ஏயும் நிறைந்த மீன் கிடைத்தது. முள், தலை, கண் எல்லாம் சேர்த்துச் சாப்பிடுவதால்தான் அந்தச் சத்து. இந்த ஆராய்ச்சியில் ஆண்டுக்கணக்காக இருந்த சகுந்தலா தில்ஸ்டெட்டுக்கு 2021ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். களை என்று கொன்றதை இங்கே கிண்ணம் 320 ரூபாய்க்கு விற்கிறோம், கணக்கு எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது முறை போனபோது, கடை அடைக்கும் நேரம், அண்ணனிடம் பேச்சுக் கொடுத்ததில் கொள்முதல் நோட்டுகளை எடுத்துக் காட்டினார். நீளமான கணக்கு நோட்டுகள், எண்ணெய்க் கறையோடு, பல வருடத்துக்கு. எனக்குக் கை நடுங்கியது என்றால் சிரிப்பீர்கள். பிரித்துப் பார்த்தால் பாதி இடத்தில் "பொடி" என்று மட்டும் இருக்கிறது, "கெண்டை" என்றால் எந்தக் கெண்டை என்று கடவுளுக்கே வெளிச்சம். கேலி செய்ய ஒன்றுமில்லை, ஐநாவின் உணவு, வேளாண்மை அமைப்பு வெளியிடும் உள்நாட்டு மீன்பிடிப் புள்ளிவிவரத்திலேயே கணிசமான பகுதி எந்த இனம் என்று பிரிக்கப்படாமல் "நன்னீர் மீன்" என்ற ஒரே மூட்டையில்தான் கிடக்கிறது. 2025ல் விஞ்ஞானிகள் நன்னீர் மீன், தும்பி, நண்டு, இறால் என்று 23,496 இனங்களை ஆராய்ந்து அதில் 24 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னார்கள், அதே ஆய்வில் போதிய தகவல் இல்லாத இனங்களும் நிறைய இருந்தன.

ஆனால் அண்ணனின் நோட்டில் அயிரைக்கு மட்டும் தனிப் பத்தி இருந்தது, விலை கூடிய சரக்கு என்பதால். வராத நாளில் அந்த இடத்தைக் காலியாக விடாமல் ஒரு கோடு போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "வாங்கினேனா வாங்கலையான்னு அப்புறம் குழப்பம் வரும்ல" என்றார். எங்களுக்கு ஒரு வாரம் வகுப்பெடுத்து ஏற்றிய புத்தியை இவர் கல்லாவில் உட்கார்ந்தே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். இந்த நோட்டை வைத்துக் கண்மாயில் மீன் குறைந்துவிட்டது என்று தீர்ப்பு சொல்லிவிட முடியாது, வியாபாரி மாறியிருக்கலாம், பக்கத்துக் கடைக்காரர் கூட நூறு கொடுத்து அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். இருந்தாலும் அந்தக் கோடுகள் எந்த மாதத்தில் விழுகின்றன, எந்த வருடம் கூடுகின்றன என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வருமானக் கணக்கும் அதுலதான தம்பி இருக்கு" என்று மூடி வைத்துவிட்டார். நியாயம்தான்.

குறைகள்: மின்விசிறி ஓடுகிறது, காற்று வருவதில்லை. கை கழுவும் இடம் வழுக்கும். பலகையில் விலை எழுதுவதே கிடையாது, கேட்டால்தான் சொல்வார்கள். விரால் வறுவல் எனக்குப் பிடிக்கவில்லை, மசாலா அப்பி மீன் ருசியே தெரியவில்லை, அது வளர்ப்பு விரால்தான் என்று அண்ணனே ஒப்புக்கொண்டார். கெளுத்திக் குழம்பு நன்றாக இருந்தது, அயிரை இல்லாத நாளில் தயங்காமல் அதைச் சொல்லுங்கள். ரசம் சுமார். மோர் பிரமாதம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். போவதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் போங்கள், பன்னிரண்டரைக்கு முன்னால். போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள், எடுக்க மாட்டார்.