அயெண்டே விண்கல் சில்லு: கல் அருமை, கையேட்டில் பிழை

இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கிய இந்தச் சில்லு, 1969 பிப்ரவரி 8 அன்று மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் விழுந்த அயெண்டே விண்கல்லிலிருந்து அறுக்கப்பட்டது. ஒரு முகத்தை நன்றாக மெருகேற்றியிருப்பதால், கருஞ்சாம்பல் பரப்பில் உருண்டைச் சிறுமணிகளும் அவற்றினிடையே ஒழுங்கற்ற வெண்திட்டுகளும் உருப்பெருக்கி இல்லாமலேயே தெரிகின்றன.

அந்த வெண்திட்டுகளுக்காகவே இதை வாங்கலாம். கால்சியமும் அலுமினியமும் மிகுந்த அவை ஏறத்தாழ 456.7 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியக் குடும்பத்தில் முதன்முதலில் திண்மமானவற்றைச் சேர்ந்தவை. 1976இல் லீ, பாப்பனாஸ்டாசியு, வாசர்பர்க் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் அயெண்டேயின் இத்தகைய திட்டொன்றை ஆராய்ந்து, அதில் மெக்னீசிய அணுவின் ஒரு வகையான மெக்னீசியம்-26 வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பதையும், எந்தக் கனிமத்தில் மெக்னீசியத்தோடு ஒப்பிடுகையில் அலுமினியம் மிகுதியோ அங்கே அந்தக் கூடுதலும் மிகுதி என்பதையும் அளந்து காட்டினர். மிகை மெக்னீசியம் அலுமினியத்தின் அளவைப் பின்தொடர்ந்து நிற்பதால், அது தொடக்கத்தில் அலுமினியம்-26 என்ற கதிரியக்க அலுமினிய வகையாகக் கனிமத்துக்குள் புகுந்து, அங்கேயே சிதைந்து மெக்னீசியம்-26 ஆக மாறியது என்று கொள்ள வேண்டியிருக்கிறது. இவ்வளவு தெளிவான தடயத்தைத் தாங்கிய கல்வகையைக் கையில் ஏந்துவது எனக்குப் பெரும் பேறாகவே படுகிறது.

உடன் வந்த கையேடுதான் ஏமாற்றம். ஆதிகால அலுமினியம்-26 இக்கல்லில் இன்றும் கதிர்வீசிக்கொண்டிருப்பதாக அது சொல்கிறது. அதன் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) சுமார் 7 லட்சம் ஆண்டுகளே. 6,000க்கும் மேற்பட்ட அரை ஆயுள்கள் கடந்தபின் அந்தப் பழைய இருப்பில் ஓர் அணுகூட எஞ்ச வழியில்லை. (கல் விண்வெளியில் திரிந்தபோது விண்கதிர்கள் புதிதாக உண்டாக்கிய சிற்றளவு அலுமினியம்-26 வேறு கதை.) அந்த அணுவகை அற்றுப்போன பிறகும் அதன் சான்று அழியாதிருப்பதே இக்கல்லின் சிறப்பு என்பதால், மாணவர்களுக்குக் காட்ட வாங்குவோர் இந்தப் பிழையைத் திருத்தியே சொல்ல வேண்டும். 1960இல் ரெனால்ட்ஸ் என்ற இயற்பியலாளர் ரிச்சர்ட்டன் என்ற விண்கல்லில் செனான்-129 மிகையைக் கண்டு, சுமார் 1.6 கோடி ஆண்டு அரை ஆயுள் கொண்டதும் சிதைந்து செனான்-129 ஆக மாறுவதுமான அயோடின்-129 ஒருகாலத்தில் இருந்ததை நிறுவினாரே, அற்றுப்போன அணுவகைகளின் தடயம் தேடும் இத்துறைக்கு வழிதிறந்த அந்த அளவீட்டைப் பற்றியும் கையேட்டில் ஒரு வரி இல்லை.

பெட்டி உறுதியானது, எடை சீட்டில் உள்ளபடியே இருந்தது. மெருகேற்றாத விளிம்பு தொட்டால் பொடியாக உதிர்கிறது, ஆகவே ஈரம் படாமல் பெட்டியிலேயே வைத்துப் பார்ப்பது நல்லது. வாங்க நினைப்பவர்கள் எடையை மட்டும் பார்க்காமல், வெண்திட்டு தெளிவாகத் தெரியும் முகத்தின் படத்தை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். ஒரே கல்லின் சில்லுகளிலும் திட்டுகள் சீராகப் பரவியிருப்பதில்லை.