பழைய தொலைக்காட்சியில் மெய்யெழுத்தின் புள்ளி

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில், 2010இல் வாங்கிய 32 அங்குலத் தொலைக்காட்சி இருக்கிறது. 2020இல் கிருமிப் பரவல் முறியடிப்புக் காலத்தில், அம்மா இணையத்தில் நாளிதழ் படிக்கட்டும் என்று மடிக்கணினியை அதில் இணைத்தேன். அன்றுமுதல் அது கணினித் திரையாகவே உழைக்கிறது.

முதல் நாள் ஏமாற்றம்தான். படத்தையும் ஒலியையும் சேர்த்துக் கடத்தும் எச்டிஎம்ஐ கம்பியைச் செருகியதும் படம் வந்தது. ஆனால் அடியில் உள்ள பணிப்பட்டை பாதி மறைந்திருந்தது. எழுத்துகள் ஈரத்தாளில் மை ஊறியதுபோல் இருந்தன. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வேறுபாடு தெரியவில்லை. மெய்யெழுத்துகளின் புள்ளி கரைந்தே போயிருந்தது. புள்ளி இல்லாவிட்டால் தமிழை எப்படிப் படிப்பது?

ஓரம் வெட்டுப்படுவது குழல் தொலைக்காட்சிக் காலத்துப் பழக்கம். விளிம்புக் கோளாறுகளை மறைக்கப் படத்தைச் சற்றே பெரிதாக்கிக் காட்டுவார்கள். ரிமோட்டில் பட அளவை ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று மாற்றியதும் அது தீர்ந்தது. சில தொலைக்காட்சிகளில் இதையே ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்பார்கள்.

மங்கலுக்குக் காரணம் வேறு. ‘எச்டி ரெடி’ என்று விற்கப்பட்ட இந்தத் திரையில் இருப்பவை 1366 x 768 படப்புள்ளிகள். கணினியோ 1920 x 1080 அனுப்புகிறது. 1080 வரிகளை 768 வரிகளுக்குள் நெருக்கும்போது, மெல்லிய கோடு ஒவ்வொன்றும் பக்கத்து வரியிலும் கசிகிறது. 1280 x 720 வைத்துப் பார்த்தேன். இப்போது இழுத்து நீட்டியதால் மங்கல். திரையின் சொந்த அளவு எச்டிஎம்ஐ வழியாகக் கணினியின் அளவுப் பட்டியலில் வரவே இல்லை.

தொலைக்காட்சியின் பின்னால், பழைய கணினிகளை இணைக்கும் நீல நிற விஜிஏ துளை ஒன்று இருந்தது. சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் அடாப்டரை வாங்கிவந்தேன். உள்ளே மாற்றுச் சில்லு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். வெறும் கம்பியால் இந்த வேலை நடக்காது. இணைத்ததும் 1360 x 768 பட்டியலில் வந்தது. ரிமோட்டில் தானியங்கிச் சீரமைப்பை ஒருமுறை அழுத்தினேன். எழுத்துகள் செதுக்கி வைத்தாற்போல் நின்றன. “இப்போதுதான் புள்ளி தெரிகிறது தம்பி” என்றார் அம்மா. அந்த மகிழ்ச்சி இன்றும் எனக்குக் குறையவில்லை.

கூர்மை அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தது அடுத்த நன்மை. அதைக் கூட்டினால் தெளிவு கூடும் என்று நினைத்திருந்தேன்; உண்மையில் எழுத்தைச் சுற்றி வெள்ளை நிழல்தான் விழுகிறது. விஜிஏ ஒலியைக் கடத்தாது என்பதால் தனி ஒலிக்கம்பி போட்டேன்.

என் தம்பி வீட்டில் இருப்பது பழைய 40 அங்குல முழு எச்டி; அதன் திரையின் சொந்த அளவே 1920 x 1080. அங்கே விஜிஏ தேவைப்படவில்லை. எச்டிஎம்ஐ வழியாக 1920 x 1080 அனுப்பி, அந்த உள்ளீட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினோம். கறுப்புப் பின்னணியில் கசிந்த சிவப்பு எழுத்துகள்கூடத் திருந்திவிட்டன. எல்லாத் தொலைக்காட்சியிலும் இது பலிக்காது. ஆனால் செலவில்லாத முயற்சி.

இத்தனை ஆண்டுகளில் தொல்லை ஒன்றுதான். சென்ற ஆண்டு ஒருநாள் திரை முழுதும் மஞ்சளாகிவிட்டது. திரையே போய்விட்டதோ என்று நெஞ்சு படபடத்தது. பார்த்தால், விஜிஏ செருகி தளர்ந்து நீல நிறம் மட்டும் வராமல் நின்றிருந்தது. இருபுறத் திருகுகளையும் இறுக்கினேன், சரியாயிற்று.