ஒரு வெள்ளி (ரிங்கிட்) மதிப்புள்ள கட்டடம் 60 காசுக்கு, வாங்கலாமா? மலேசிய ரீட் பத்தி என் ரிவியூ

எடுத்த உடனே தீர்ப்பைச் சொல்லிடறேன். நல்ல மால் வச்சிருக்கற ரீட், சொத்து மதிப்பை விடக் கொஞ்சம் கம்மியா கிடைச்சா வாங்கலாம். கோலாலம்பூர் ஆப்பிஸ் டவர் வச்சிருக்கற ரீட் பாதி விலைக்கே கிடைச்சாலும் நல்லா யோசிங்க. ரெண்டு வகையும் என் அக்கவுண்ட்ல கிடக்கு, ஒண்ணு பரவால்லாம காசு கொடுக்குது, இன்னொண்ணு "எப்பதான் ஏறுவ"ன்னு நான் பாக்க, "நீ எப்பதான் விப்ப"ன்னு அது பாக்க, அப்படியே ஓடுது.

ரீட்னா (REIT) என்னான்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். ஒரு டிரஸ்ட், அது பேர்ல மால், ஆப்பிஸ், கிடங்கு, ஆஸ்பத்திரின்னு கட்டடங்க இருக்கும், வர்ற வாடகைல செலவு வட்டி எல்லாம் போக மிச்சத்தை யூனிட் வச்சிருக்கறவங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. வருமானத்துல 90%-க்குக் குறையாம கொடுத்துட்டா டிரஸ்ட்டுக்கு வருமான வரி கிடையாது, அதனால எல்லாரும் கொடுத்துடறாங்க. பங்குச் சந்தையான பூர்சா மலேசியால ஷேர் மாதிரியே 100 யூனிட் ஒரு லாட்டு. பழைய ப்ராப்பர்ட்டி டிரஸ்ட்டுங்க 1989-லயே வந்துடுச்சு, ரீட்ங்கற பேர்ல முதல்ல லிஸ்ட் ஆனது 2005 ஆகஸ்ட்ல ஆக்ஸிஸ் ரீட். யூனிட் 60 காசுன்னா 60 வெள்ளில நீங்களும் ஒரு மாலுக்குத் தவுக்கே (முதலாளி), சட்டப்படி பாத்தா.

இப்ப விஷயத்துக்கு வருவோம். கட்டடங்களோட மதிப்பைக் கூட்டி, கடனைக் கழிச்சு, யூனிட்டால வகுத்தா வர்றதுதான் என்ஏவி. அது ஒரு வெள்ளி, மார்க்கெட்ல யூனிட் 60 காசு, அப்ப 40 காசு லாபம்தானேன்னு தோணும். பினாங்குல இருக்கற என் மச்சான் இதைத்தான் போன் போட்டு போட்டுச் சொல்லுவான், "மச்சான், கடைல 40% ஆஃபர் போட்டா கியூல நிக்கறீங்க, கட்டடத்துக்கு ஆஃபர் போட்டா மட்டும் ஏன் பயப்படறீங்க?" நியாயமான கேள்விதான். கடைல சட்டைக்கு ஒட்டியிருக்கற விலை தவுக்கே வச்சது, இங்க ஒட்டியிருக்கற விலை வேல்யூவர், அதாவது சொத்து மதிப்பு போடறவர், வச்சது, அதை அவன் கணக்குல எடுத்துக்கவே இல்ல.

வேல்யூவர் எப்படி வைக்கறாருன்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன், நம்பர் எல்லாம் நானே வச்சுக்கிட்டது. ஒரு ரீட்கிட்ட ஒரே கட்டடம், செலவு போக வருஷத்துக்கு 10 மில்லியன் வெள்ளி வாடகை நிக்குது. இந்த மாதிரி கட்டடத்துல 6% வருமானம் எதிர்பார்க்கலாம்னு வேல்யூவர் எடுத்துக்கிட்டா, 10 மில்லியனை 6%-ஆல வகுத்து, மதிப்பு கிட்டத்தட்ட 167 மில்லியன். கடன் 70 மில்லியன், மிச்சம் 97. யூனிட் 100 மில்லியன்னா என்ஏவி 97 காசு. மார்க்கெட் விலை 58 காசு, 40% தள்ளுபடி, ஆஹா. அடுத்த வருஷம் பக்கத்துல புது டவர் வந்துடுச்சு, வாடகை ஒரு காசு குறையல, ஆனா ரிஸ்க் கூடிடுச்சுன்னு வேல்யூவர் 6-க்குப் பதிலா 7% போடறாரு. மதிப்பு 143 மில்லியன், கடன் அதே 70, என்ஏவி 73 காசு. கட்டடம் விழுந்தது 14%, உங்க என்ஏவி விழுந்தது 25%. விலை அதே 58-ல நின்னுக்கிட்டே இருக்க, 40% தள்ளுபடி 20% ஆயிடுச்சு, உங்களுக்கு ஒரு காசு லாபம் வரல. தள்ளுபடி ரெண்டு வழில மூடலாம், விலை மேல போய் மூடலாம், இல்ல மதிப்பு கீழ வந்து மூடலாம், வாங்கறப்ப எல்லாருக்கும் முதல் வழி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது. ஆண்டறிக்கைல ஆடிட்டர் எழுதற பகுதிக்குப் போய்ப் பாருங்க, முக்கியமா கவனிச்ச விஷயம்னு அவர் எடுத்துப் போடறது பெரும்பாலும் இந்தக் கட்டட மதிப்பாத்தான் இருக்கும், ஏன்னா அதுல அனுமானம் ஜாஸ்தி.

இது கற்பனைக் கணக்குன்னு நினைக்காதீங்க. சிங்கப்பூர்ல லிஸ்ட் ஆன மனுலைஃப் யுஎஸ் ரீட், அமெரிக்கால ஆப்பிஸ் கட்டடங்க வச்சிருந்துச்சு, கோவிட்டுக்கு அப்புறம் அங்க ஜனங்க ஆப்பிஸுக்கே திரும்பல, கட்டட மதிப்பு விழுந்து 2023-ல பேங்க் போட்ட கடன் நிபந்தனையே உடைஞ்சு, யூனிட்காரங்களுக்குக் கொடுக்கற காசை நிறுத்திட்டாங்க. அதுவும் என்ஏவிக்குக் கீழதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, ரொம்ப மலிவுன்னு சொல்லி வாங்கினவங்க அங்கயும் இருந்தாங்க.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். நான் இருக்கறது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ், வீட்டை விட்டு வெளிய வந்தா கேஎல் சென்ட்ரல் டவருங்கதான் முதல்ல கண்ல படும். அந்தப் பக்கம் திரும்பினா மெர்டேகா 118, 678.9 மீட்டர் உயரம், இன்னொரு பக்கம் டிஆர்எக்ஸ் வட்டாரத்துல எக்ஸ்சேஞ்ச் 106 டவர். புது கட்டடம் வர வர பெரிய கம்பெனிங்க பழைய டவரை விட்டுட்டு எம்ஆர்டி ரயில் வாசல்ல இருக்கற புதுசுக்கு மாறுது. பழைய டவர்காரரு என்ன பண்ணுவாரு? வாடகையைக் குறைப்பாரு, இல்லன்னா ஆறு மாசம் வாடகை இல்லாம இருந்துக்கங்கன்னு சொல்லுவாரு, ஃபிட்டவுட் (உள் அலங்கார வேலை) காசும் கொடுப்பாரு. இதெல்லாம் ஆக்குபன்சி (எவ்வளவு இடம் நிறைஞ்சிருக்கு) நம்பர்ல தெரியாது, 85% நிறைஞ்சிருக்குன்னு எழுதிக்குவாங்க, அந்த 85% என்ன வாடகை கொடுக்குதுங்கறது வேற கதை. யூனிட் வாங்கறதுக்கு முன்னாடி நான் அந்த மாதிரி ஒரு டவர் லாபில போய் நிப்பேன் (பேர் வேணாம்). எந்த மாடில யாருன்னு எழுதியிருக்கற போர்டுல நடுநடுவுல வெறும் பட்டை, சில பட்டைல பழைய பேரை உரிச்ச பசை அப்படியே இருக்கு, காலைல ஒன்பது மணிக்கு லிஃப்டுக்குக் காத்திருக்கவே வேண்டியதில்ல, பட்டன் அமுக்கினா கதவு திறக்குது. செக்யூரிட்டி கார்டு "என்ன பாஸ், எந்த மாடி?"ன்னு ஆசையா கேக்கறான், பாவம் அவனுக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல. இந்தக் கட்டடத்துக்கு ரிப்போர்ட்ல போட்டிருக்கற மதிப்பையும் இந்த லாபியையும் சேர்த்துப் பாத்தா 40% தள்ளுபடி ஏன்னு மார்க்கெட்கிட்ட கேக்கவே வேணாம்.

இன்னொரு பக்கம் பாருங்க. மிட் வேலி மெகாமால், கார்டன்ஸ் ரெண்டும் ஐஜிபி ரீட் கைல இருக்கு, 2012-ல லிஸ்ட் ஆச்சு. தீபாவளிக்கு முன்னாடி வாரத்துல அங்க பார்க்கிங் கிடைச்சவன் லாட்டரி அடிச்ச மாதிரி சிரிச்சுக்கிட்டே வருவான், அதனால அந்த யூனிட் என்ஏவிக்கு மேலதான் ஓடுது. கிடங்கும் ஃபேக்டரியும் வச்சிருக்கற ஆக்ஸிஸும் பல வருஷமா பெரும்பாலும் மேலதான். கட்டடத்துல ஆள் நிறைய, வாடகை ஏற, அடுத்த வருஷமும் ஏறும்னு நம்பிக்கை இருந்தா மார்க்கெட் கூடவே கொடுத்து வாங்குது. மலிவா கிடைக்கறதுக்குக் காரணம் இருக்குங்கறது இதுலயே தெரியுதுல்ல.

நடுவுல இருக்கறதுதான் எனக்குப் பிடிச்ச இடம், கேபிடாலேண்ட் மலேசியா டிரஸ்ட் மாதிரி. 2010-ல லிஸ்ட் ஆகறப்ப யூனிட் ஒரு வெள்ளியை ஒட்டி இருந்துச்சு, கோவிட்டுக்கு அப்புறம் பல வருஷம் 50, 60 காசுப் பக்கமே சுத்திச்சு, என்ஏவி ஒரு வெள்ளிக்கு மேல. அதுக்குள்ள என்னா இருக்குன்னு பிரிச்சுப் பாத்தாத்தான் சுவாரஸ்யம். பினாங்குல கர்னி பிளாசா இருக்கு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மச்சான் குடும்பத்தோட போனா அங்க சாப்பாட்டுக் கடை வாசல்ல நம்பர் வாங்கிக்கிட்டுதான் நிக்கணும். 2023-ல குவீன்ஸ்பே மாலையும் கிட்டத்தட்ட 990 மில்லியன் வெள்ளிக்கு வாங்கினாங்க. அதே டிரஸ்ட்டுலதான் கோலாலம்பூர் சுங்கை வாங் பிளாசாவும் இருக்கு. நம்ம வயசு ஆளுங்களுக்குச் சொல்லவே வேணாம், பள்ளிக்கூடம் விட்டு புக்கிட் பிந்தாங் போனா அங்கதான் போவோம். பக்கத்துல பிபி பிளாசாவை எம்ஆர்டிக்காக இடிச்சாங்க, நடந்து வர்ற கூட்டம் போச்சு, சுத்தி புது மாலுங்க வேற, மதிப்பு வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. அதுல இன்னொரு சிக்கல், அந்தக் கட்டடம் முழுக்க டிரஸ்ட்டுக்குச் சொந்தம் கிடையாது, தனித்தனி கடை லாட்டு முதலாளிங்களும் இருக்காங்க, அதனால "எல்லாத்தையும் உடைச்சுப் புதுசா பண்ணலாம்"னு ஒரே ஆள் முடிவெடுக்க முடியாது. அப்ப அந்த 60 காசுல கர்னி எவ்வளவு, சுங்கை வாங் எவ்வளவுன்னு பாத்தா, மார்க்கெட் ஒண்ணும் முட்டாள் இல்ல, கர்னிக்கு நல்ல விலைதான் போட்டிருக்கு, மத்ததுக்குத்தான் கைய விரிச்சிருக்கு. நான் வாங்கினது அந்தத் தள்ளுபடி மூடும்னு நம்பி இல்ல, பினாங்கு ரெண்டு மாலும் கொடுக்கற வாடகைக்காக.

தள்ளுபடி ஏன் மூடவே மாட்டேங்குதுன்னு மச்சான் கேட்டுக்கிட்டே இருப்பான். "கட்டடத்தை வித்துட்டு காசைப் பிரிச்சுக் கொடுத்தா முடிஞ்சு போச்சே மச்சான்?" யாரு விப்பா? மேனேஜர் கம்பெனிக்கு ஃபீஸ் பெரும்பாலும் மொத்த சொத்து மதிப்புல ஒரு பங்கு, வாடகை வருமானத்துல ஒரு பங்குன்னு போகுது. வித்து சின்னதாக்கினா அவங்க ஃபீஸ்தான் குறையும், வாங்கிப் பெருசாக்கினா ஏறும். பெரிய பங்கு வச்சிருக்கறது பெரும்பாலும் அந்தக் கட்டடங்களை ஆரம்பத்துல டிரஸ்ட்டுக்கு வித்த அதே குரூப். அவங்க இன்னொரு கட்டடத்தைத் தள்ளணும்னா வாங்கறதுக்கு ஒரு ஆள் ரெடியா வேணும், அது இந்த ரீட்தான். அந்த மாதிரி டீலுக்கு ஓட்டெடுப்புல சம்பந்தப்பட்டவங்க ஓட்டு போடக் கூடாதுங்கறது நல்ல விதி, ஆனா மிச்சம் இருக்கற சின்ன ஆளுங்க எத்தனை பேரு போய் ஓட்டு போடறோம் சொல்லுங்க. ஏஜிஎம்ல, அதாவது வருஷாந்திரக் கூட்டத்துல, பெரியவங்க சில பேரு முதல் கேள்வியா "இந்த வருஷம் வவுச்சர் இல்லையா?"ன்னு கேக்கறதை நானே கேட்டிருக்கேன்.

இதை விட மோசமானது புது யூனிட் வெளியிடறது. வருமானத்துல 90% வெளிய போயிடுது, கையில காசு நிக்காது, மாலைப் புதுப்பிக்கணும்னா கடன் வாங்கணும் இல்ல யூனிட் விக்கணும். கடனுக்கு மொத்த சொத்துல 50%-னு உச்சவரம்பு இருக்கு (கோவிட் சமயத்துல 60% ஆக்கி அப்புறம் திருப்பிட்டாங்க). யூனிட்டை என்ஏவிக்குக் கீழ வித்தா என்ன ஆகும்? ஒரு வெள்ளி என்ஏவில 100 யூனிட் இருக்கு, புதுசா 20 யூனிட் 60 காசுக்கு வித்தா, மொத்தம் 112 வெள்ளி, 120 யூனிட், உங்க ஒரு வெள்ளி 93 காசாயிடுச்சு. நீங்க தூங்கிக்கிட்டு இருந்தப்பவே. அதனால தள்ளுபடில ஓடற ரீட் "வளர்ச்சி"ன்னு அறிக்கை விட்டா நான் சந்தோஷப்பட மாட்டேன், காசு எங்கேர்ந்து வருதுன்னுதான் பாப்பேன்.

கடன் வட்டியும் இதோட சேர்ந்தது. 2020-ல மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன்னோட அடிப்படை வட்டியான ஓபிஆரை 1.75%-க்கு இறக்கினப்ப எல்லா ரீட்டும் நல்ல பிள்ளை மாதிரி தெரிஞ்சுச்சு, 2023 மே மாசம் 3% ஆனப்ப மிதக்கற (ஓபிஆரோட சேர்ந்து மாறற) வட்டில கடன் வச்சிருந்தவங்க யாருன்னு வெளிய வந்துச்சு. ரிப்போர்ட்ல கடன்ல எவ்வளவு ஃபிக்ஸட் ரேட், எவ்வளவு ஃப்ளோட்டிங்னு ஒரு வரி இருக்கும், நான் என்ஏவியைப் பாக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் பாப்பேன். அதுக்கடுத்து எந்த வருஷம் எத்தனை சதவீத வாடகை ஒப்பந்தம் முடியுதுங்கற டேபிள். ஒரே வருஷத்துல 40% முடியுதுன்னா, அதுவும் ஆப்பிஸ் டவர்னா, நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

வாங்கற அனுபவத்தைச் சொல்லணும்னா அதுல குறை ஒண்ணும் இல்ல. சிடிஎஸ் அக்கவுண்ட் (ஷேர் வச்சுக்கற கணக்கு) இருந்தா போன்லயே முடியும், காசு நேரா பேங்க்குக்கு வந்துடும், சிலது மூணு மாசத்துக்கு ஒரு தடவை, சிலது ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. சொந்தமா கடைவீடு வாங்கி வாடகைக்காரர் பின்னாடி அலைஞ்சவங்களுக்கு இது சொர்க்கம், குழாய் ஒழுகுதுன்னு ராத்திரி பத்து மணிக்கு யாரும் வாட்ஸப் பண்ண மாட்டாங்க. விக்கறதுலதான் கஷ்டம், சின்ன ஆப்பிஸ் ரீட்டுங்கள்ல சில நாள் வாங்கற ஆளே இருக்காது, வாங்கறவன் கேக்கற விலைக்கும் விக்கறவன் கேக்கற விலைக்கும் நடுவுல பள்ளம் இருக்கும், அவசரத்துக்கு வித்தா அந்தப் பள்ளத்துல நம்ம காசுதான் விழும்.

வருமானக் கணக்கு போடறப்ப வரியை மறந்துடாதீங்க. 60 காசு யூனிட்டுக்கு வருஷம் 4.5 காசு வந்தா 7.5%, கேக்க நல்லா இருக்கு. தனிநபருக்கு 2025 வரைக்கும் 10% பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுத்தாங்க, அப்ப கைக்கு 6.75%, வாங்கறதுக்கு முன்னாடி இப்போதைய ரேட்டைப் பாத்துக்கங்க. ஈபிஎஃப் (ஓய்வுக்கால சேமிப்பு நிதி) 2024-க்கு 6.3% கொடுத்துச்சு, சொந்தமாவே வருஷத்துக்கு 1 லட்சம் வெள்ளி வரைக்கும் போடலாம், விலை ஏறி இறங்கற தலைவலி இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அரை சதவீதத்துக்காக சுங்கை வாங் மாதிரி கட்டடத்தோட தலைவிதியைச் சுமக்கறோம்னு தெரிஞ்சு வாங்கினா சரி. காசை எடுக்கற வயசு தூரமா இருக்கு, நடுவுல கைல கொஞ்சம் வருமானம் வேணும்னு நினைக்கறவங்களுக்கு மால் ரீட் 5-க்கு 3.5 கொடுப்பேன், ஆப்பிஸ் ரீட்டுக்கு 2. மச்சான் போன வாரம் திரும்பவும் போன் போட்டான், ஒரு ஆப்பிஸ் ரீட் இன்னும் ரெண்டு காசு இறங்கிடுச்சாம். லாபில போய் அந்தப் பேர் போர்டை போட்டோ எடுத்து அனுப்பு, அப்புறம் பேசலாம்னு சொன்னேன். இன்னும் அனுப்பல.