அம்மாயி துலக்கிய ரூபாய்: ஆறு காசை கிரேடிங் அனுப்பி இரண்டு வருசம் ஆன பிறகு

போன வாரம் திருப்பூரில் இருந்து மாப்பிள்ளை ஒருவன் கூப்பிட்டான். அவன் அப்பாரு வைத்துவிட்டுப் போன மஞ்சப்பையில் பதினேழு வெள்ளி ரூபாய் கிடைத்திருக்கிறதாம். எல்லாவற்றையும் கிரேடிங் அனுப்பட்டுமா, நீ அனுப்பினாயே, எப்படி இருந்தது என்று கேட்டான். அனுப்பாதே என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவன் விடுவதாக இல்லை, வாட்ஸப்பில் ஏன் ஏன் என்று நச்சரிக்கிறான். அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கிரேடிங் என்றால், ஏஜென்ட் மூலமாக வெளிநாட்டுக் கம்பெனிக்குக் காசை அனுப்பினால், அவர்கள் அசலா என்று பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துத் திருப்பி அனுப்புவது.

நான் அனுப்பியது ஆறு காசு. 1938 வெள்ளி ரூபாய், 1944 ரூபாய், புலி போட்ட 1947 நிக்கல் ரூபாய், சிங்கம் போட்ட 1950 ரூபாய், அப்புறம் 1943 ஓட்டைக் காலணா இரண்டு. கட்டணம், ஏஜென்ட் கமிஷன், போக வர அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து 31,000 ரூபாயைத் தாண்டியது. மூன்று மாதம் என்றார் ஏஜென்ட், ஏழு மாதம் ஆனது. நடுவில் எப்போது கேட்டாலும் "வந்துருமுங்ண்ணா, வழில இருக்குதுங்ண்ணா" என்ற ஒரே பதில்தான். பெயர் வேண்டாம். காசு பத்திரமாக வந்து சேர்ந்தது, அதற்காக அவரை விட்டுவிடலாம்.

விஷயம் அந்த 1938 ரூபாய். அது என் அம்மாயியுடையது, அம்மாவைப் பெற்றவள். காங்கயம் பக்கம் அவள் கல்யாணத்தில் அவளுடைய அய்யன் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்த காசு, அன்றிலிருந்து சாமி அறையில் லட்சுமி படத்துக்கு முன்னால்தான் இருந்தது. பளபளவென்று இருக்கும். ஆறாம் ஜார்ஜ் மகுடத்தில் ஒவ்வொரு கல்லும் தெரியும். நான் பத்து வருசமாக அதைப் பார்த்துப் பார்த்து, இது கண்டிப்பாக அறுபதுக்கு மேல் வாங்கும், அறுபத்து மூன்று வந்தாலும் ஆச்சரியமில்லை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அம்மாயியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு போய் அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது டப்பாவில் நம்பரே இல்லை. "ஏ.யூ. டீடெய்ல்ஸ், க்ளீன்ட்" என்று போட்டிருந்தது. அசல் காசுதான், தேய்மானமும் குறைவுதான், ஆனால் யாரோ துலக்கியிருக்கிறார்கள், அதனால் மார்க் கிடையாது என்று அர்த்தம். 1944 ரூபாய்க்கும் அதே கதி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கள் வீட்டுச் சாமி அறையைப் பற்றி என்ன தெரியும் என்று இரண்டு நாள் புலம்பினேன். மூன்றாம் நாள் கரண்ட் போயிருந்த நேரம், எமர்ஜென்சி லைட்டுக்குப் பதிலாக செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு டப்பாவைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். ராஜாவின் கன்னத்தில் இருந்து கழுத்து தாண்டி வெற்றிடம் வரைக்கும், மேடு பள்ளம் எதையும் பாராமல், சன்னமான கோடுகள் வட்ட வட்டமாக ஓடின. கட்டைவிரலால் தேய்த்தால் எப்படி வட்டம் வருமோ அப்படியே. அம்மாயியின் கட்டைவிரல்! பத்து வருசமாக டியூப்லைட் வெளிச்சத்திலேயே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. டியூப்லைட் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவுவதால் இந்தக் கோடுகளை மறைத்துவிடும். ஒரே புள்ளியில் இருந்து வரும் வெளிச்சம், குண்டு பல்பு, டார்ச், இவைதான் காட்டிக்கொடுக்கும்.

அவள் எதைப் போட்டுத் துலக்கினாள் என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருநீறு. பொங்கல், ஆடிப் பதினெட்டு, சரஸ்வதி பூஜை, தீபாவளி என்று வருசத்துக்கு நாலு தடவை, அறுபது வருசம். இருநூற்று நாற்பது தடவை சாம்பலை வைத்துத் தேய்த்த காசுக்கு நான் அறுபத்து மூன்று எதிர்பார்த்திருக்கிறேன். வெள்ளி விளக்கு, குங்குமச் சிமிழ், காசு எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். கருத்துப்போனால் லட்சுமி தங்கமாட்டாள்.

மாப்பிள்ளை, உன் பதினேழு ரூபாயும் பளபளவென்று இருக்கிறது என்றாயே, அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எண்பது வருச வெள்ளி பளபளக்கக் கூடாது. கருநீலம், சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு என்று ஏதாவது ஒரு படலம் இருக்க வேண்டும், அல்லது சாய்த்துப் பார்த்தால் வெளிச்சம் சைக்கிள் சக்கரத்துக் கம்பி மாதிரி சுழன்று வர வேண்டும். இரண்டும் இல்லாமல் வெறும் வெள்ளை மினுமினுப்பு என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். 1944 ரூபாயில் நான் ஏமாந்தது இப்படித்தான். லாகூர் அச்சாலைக் காசு, கோவையில் ஒரு கண்காட்சியில் வாங்கினேன். அழுக்கே ஏறாதது என்று சொல்லிக் கொடுத்தார் கடைக்காரர். ஏதோ மருந்தில் முக்கி எடுத்திருக்கிறார். பாதி வெள்ளிதான் அது (1940ல் இருந்து ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள்). எவர்சில்வர் டம்ளர் மாதிரி ஒரு வெளுப்பு இருந்தது, எனக்கு அப்போது அதுதான் அழகாகத் தெரிந்தது.

இன்னொன்று, இது முக்கியம். அந்தப் பதினேழில் 1911, 1918 எல்லாம் இருக்கிறது என்றாய். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பும் பேச்சே கூடாது. நூறு வருசம் தாண்டிய காசு 1972ஆம் வருசத்துச் சட்டப்படி தொல்பொருள், தனி ஆள் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. பன்றி ரூபாய் என்று சொல்லும் அந்த 1911 ரூபாயை (ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிந்ததால் பிரச்சினையாகி, அடுத்த வருசமே மாற்றி வரைந்தார்கள்) எந்த ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறேன் என்றாலும் கொடுக்காதே. கரூர் அமராவதி மணலில் சலித்து எடுத்த சேரர் காசு, ரோமானியக் காசு வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

சரி, நல்லதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. அந்த ஓட்டைக் காலணா!

அது வந்த கதை தனி. காங்கயத்தில் ஒரு பழைய மளிகைக்கடையை இடித்தபோது கல்லாப்பெட்டிக்கு அடியில் சணல் கயிற்றில் கோத்த காலணாச் சரம் ஒன்று கிடைத்தது, இருபது காசு இருக்கும். போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்த காசு, ரூபாய்க்கு அறுபத்து நாலு. சரத்தின் இரண்டு முனையிலும் இருந்தவை கருத்துப் பச்சை பூத்திருந்தன. நடுவில் ஒன்றோடு ஒன்று ஒட்டி இறுகிக் கிடந்தவற்றைப் பிரித்தால், காற்றே படாமல், புதுச் செம்புக்குடம் மாதிரி சிவப்பு. ஓரத்தில் மட்டும் வளையமாகப் பழுப்பு. அப்படி இரண்டை எடுத்து, துணி கூடப் படாமல், சும்மா விளையாட்டுக்கு அனுப்பினேன். ஒன்று எம்.எஸ். 64 (எம்.எஸ். என்றால் கை மாறிப் புழங்காத காசு) சிவப்புப் பழுப்பு, மற்றது 63 பழுப்பு. செம்புக் காசுக்கு நம்பரோடு நிறத்தையும் எழுதுவார்கள்.

அந்த 64ஐப் பார்த்தபோது வந்த சந்தோசம் இருக்கிறதே, என் பையன் பத்தாவதில் வாங்கிய மார்க்குக்குக் கூட அப்படி வரவில்லை. விற்றால் கட்டணத்தில் கால்வாசி கூட வராது. ஆனால் டப்பாவுக்குள் அந்தச் சிவப்பு அப்படியே நிற்கிறது, இரண்டு வருசத்தில் ஒரு துளி மாறவில்லை. அதே சரத்தில் பிரித்து என் அலமாரியில் சும்மா கவரில் போட்டு வைத்த மற்ற நாலு காலணாவும் இந்த ஐப்பசி மழை ஈரத்திலேயே மங்கிவிட்டன. பாதுகாப்பு என்று பார்த்தால் டப்பா டப்பாதான். டப்பாவில் இருக்கும் சர்டிபிகேட் நம்பரை அவர்கள் இணையதளத்தில் போட்டால் காசின் படத்தோடு வந்துவிடுகிறது, தூரத்து ஆளிடம் விற்கும்போது அசலா போலியா என்ற வாக்குவாதம் இல்லை. லேசில் கிடைக்காத 1939 ரூபாய் மாதிரி, 1938ன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்கும் காசு என்றால் என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். என்ற கிரேடிங் கம்பெனிகளின் டப்பா இல்லாமல் நான் தொடவே மாட்டேன். டப்பாவையும் போலியாகச் செய்கிறார்கள், அதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

1947க்கு 62, 1950க்கு 63. குறை சொல்ல ஒன்றுமில்லை, சந்தோசப்படவும் ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டு வருசமாக என்னை உறுத்திக்கொண்டே இருப்பது அந்த அம்மாயி ரூபாய்தான். டப்பாவோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, லட்சுமியப் போயி பிளாஸ்டிக்குக்குள்ள போட்டு அடைச்சுப்போட்டயே. எப்படித் தொறக்கறது?"

"தொறக்கக் கூடாதுங் அம்மாயி. ஒடச்சா சர்டிபிகேட் செல்லாது."

"என்னன்னு எழுதியிருக்கறான்?"

துலக்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறான் என்று சொன்னேன். அவளுக்கு ஒரே பெருமை. அவ்வளவு தூரத்தில் இருப்பவனுக்கும் தெரிந்திருக்கிறது பார் என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது டப்பா லட்சுமி படத்துக்கு முன்னால் இருக்கிறது, மேலே சந்தனப் பொட்டு வைத்து. நடுப் பள்ளத்தில் குங்குமம் இறங்கி ஒட்டிக்கொண்டது, எடுக்க முடியவில்லை. இந்தத் தீபாவளிக்குப் போனபோது பார்த்தால் ராஜா முகமே தெரியவில்லை, டப்பா முழுக்கப் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தேன். வட்ட வட்டமாகக் கோடு. டப்பாவையும் திருநீறு போட்டுத் துலக்கியிருக்கிறாள்.

ஆகவே மாப்பிள்ளை, அனுப்பாதே. பொற்கொல்லரிடம் எடை போட்டு, ஒரு தோலாவுக்கு (பதினொன்றரை கிராம் சொச்சம்) வெள்ளி விலை என்னவோ அதை வைத்துக் கணக்குப் பார்த்து, பையிலேயே வைத்துக்கொள். டப்பா மாற்றித் தருவார்களா என்று ஏஜென்டிடம் நேற்றுக் கேட்டேன், தருவார்களாம், அதற்குத் தனிக் கட்டணம். ஒரு டப்பா போனாலும் நாலு காசு போனாலும் அனுப்பும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லையாம். சரத்தில் பிரிக்காமல் இன்னும் ஆறேழு காலணா கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நடுவில் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உன்னிடம் ஏதாவது கருத்துப்போன ரூபாய் இருந்தால் சனிக்கிழமைக்குள் கொண்டு வா. துடைக்காமல்.