50 மீட்டருக்குக் காசு, கிடைத்தது 41 மீட்டர்: தனியாகப் படகில் வருகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்

தனியாளாகப் பாய்மரப் படகில் வந்து, சிங்கப்பூரில் ஒரே நாளில் சாமான் எல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. கடையின் பெயரைப் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. ஏமாற்று எந்த வழியாக நடந்தது என்பது தெரிந்தால் போதும். இதே வழி வேறு கடைகளிலும் இருக்கிறது.

வாங்க வந்தவர் கேட்டது மூன்று: 8 மி.மீ கால்வனைஸ் நங்கூரச் சங்கிலி 50 மீட்டர், டின் (வெள்ளீயம்) பூசிய 25 சதுர மி.மீ செம்பு பேட்டரி கேபிள் 10 மீட்டர், 316 ரக (உப்புநீர் தாங்கும்) ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் 20. தமிழ் பேசும் விற்பனையாளர். "அண்ணே, நம்மாளுங்ககிட்ட பில்லு கில்லுன்னு எதுக்கு, மத்தியானம் மரீனாவுக்கே (படகுத் துறைக்கே) அனுப்பிடறேன்" என்றாராம். முழுப் பணமும் ரொக்கமாகக் கைமாறியது. லாரி வந்து சாமான் இறங்கியபோது வாங்கியவர் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார். டி.ஓ. என்ற டெலிவரி சீட்டில் மரீனா காவலாளி கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டார். இரண்டு ஆள் இருக்கும் படகில் இது நடப்பது கஷ்டம். ஒருவர் கடைத்தெருவில் இருந்தால் இன்னொருவர் படகில் இருப்பார். தனியாள் என்று தெரிந்ததுமே "டெலிவரி இலவசம்" என்ற பேச்சு ஆரம்பிக்கிறது.

சங்கிலியிலிருந்து தொடங்குவோம், பணம் அதில்தான் அதிகம் போனது. 8 மி.மீ குட்டை வளையச் சங்கிலி மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ. ஆக 50 மீட்டர் 70 கிலோ வர வேண்டும். வந்த பீப்பாய்ச் சரக்கு 57 கிலோ சொச்சம், அதாவது ஏறக்குறைய 41 மீட்டர். எடை போடப் பெரிய தராசு வேண்டாம், பயணப்பெட்டி தூக்கிப் பார்க்கும் 50 கிலோ தொங்கு தராசு போதும். சங்கிலியை இரண்டு மூன்று குவியலாக வாளியில் போட்டுத் தூக்கினால் கணக்கு வந்துவிடும். எடையை மட்டும் நம்பாமல், தரையில் 5 மீட்டர் கோடு போட்டு மடித்து மடித்தும் அளந்து பாருங்கள். 10 மடிப்பு வர வேண்டும்.

நீளத்தைவிட மோசமான கோளாறு வளையத்தில் இருந்தது. விண்ட்லாஸில், அதாவது நங்கூரம் தூக்கும் இயந்திரத்தில், சங்கிலியைப் பற்றி இழுக்கும் ஜிப்சி சக்கரம் ஒரு குறிப்பிட்ட வளைய அளவுக்குத்தான் வார்க்கப்படுகிறது. 8 மி.மீ டின் 766 (DIN, ஜெர்மன் தர அளவு) சங்கிலியில் ஒரு வளையத்தின் உள்நீளம் 24 மி.மீ. பத்து வளையங்களை இழுத்துப் பிடித்து வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்தால் 256 மி.மீ இருக்க வேண்டும். வந்தது சரக்கு கட்டுகிற சாதாரணச் சங்கிலி, வளையம் சற்று நீளம். கம்பித் தடிமன் அதே 8 மி.மீ என்பதால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஜிப்சியில் ஏற்றினால் சும்மா சுற்றும்போது நன்றாக ஓடும், இழுவை வந்ததும் துள்ளிக் கழன்று மொத்தமும் கடலுக்குள் ஓடும். முன்தளத்தில் நிற்கிற ஒரே ஆள் அந்த நேரத்தில் சுக்கானையும் பிடிக்க முடியாது, சங்கிலியையும் பிடிக்க முடியாது. 10 மி.மீ வாங்குகிறவர்களுக்கு இன்னொரு குழி உண்டு: வளையத்தின் உள்நீளம் டின் 766இல் 28 மி.மீ, ஐஎஸ்ஓ 4565 என்ற இன்னொரு தரத்தில் 30 மி.மீ. இரண்டையும் "10 எம்எம்" என்றே விற்பார்கள். பழைய சங்கிலியில் நாலு வளையம் வெட்டிக் கையோடு கொண்டுபோங்கள்.

கேபிள் டின் பூசிய செம்பு இல்லை, செம்புப் பூச்சிட்ட அலுமினியம். சிம் லிம் டவர் பக்கம் போனாலும், ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடைகளுக்குப் போனாலும், நறுக்கிய நுனியில் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் டின் பூசிய செம்பு. மேலே என்ன நிறமாக இருந்தாலும் உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். அதன் மின்தடை செம்பைப் போல சுமார் 1.6 மடங்கு. விண்ட்லாஸ் இழுக்கும்போது மின்னழுத்தம் விழும், நுனியில் லக் (இணைப்பு வளையம்) அடித்த இடம் சூடாகும், உப்புக்காற்றில் அந்த இணைப்பு வெள்ளைப் பொடியாகும். எடையும் காட்டிக்கொடுக்கும். 25 சதுர மி.மீ கேபிளில் செம்பு மட்டுமே 10 மீட்டருக்கு 2.2 கிலோ. மேலுறையோடு சேர்த்தும் அந்த எடை வரவில்லை என்றால் பேசாமல் திரும்பி வாருங்கள்.

ஹோஸ் கிளிப் விஷயத்தில் கடைக்காரர் காந்தத்தை ஒட்டிக் காட்டி, "பாத்தீங்களா, பிடிக்கலை, 316" என்பது பழைய வித்தை. மலிவான 304 ரகமும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, அதனால் அந்தக் காட்சி எதையும் நிரூபிக்காது. காந்தத்தை வாங்கிப் பட்டையை விட்டுவிட்டுத் திருகாணியில் வையுங்கள். மலிவு கிளிப்பில் பட்டை ஸ்டெயின்லெஸ், திருகாணி முலாம் பூசிய சாதா இரும்பு. கடல்நீர்க் குழாயில் முதலில் துருப்பிடித்து உடைவது அதுதான். போல்ட் வாங்கினால் தலையில் ஏ4 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். ஏ2 என்றால் 304 வகை.

ஆனால் இந்த விவகாரத்தில் வாங்கியவரின் கையைக் கட்டிப்போட்டது அந்த டி.ஓ. சீட்டு. அதில் இருந்தது இவ்வளவுதான்: "சங்கிலி 1 லாட், கேபிள் 1 ரோல், கிளிப் 1 பாக்கெட்". 50 மீட்டர் இல்லை, டின் 766 இல்லை, 316 இல்லை. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்று எதைக் காட்டிச் சொல்வது? சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை விசாரிக்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுத்தபோதே இருந்தது என்றுதான் குறையுள்ள சரக்குக்கான லெமன் சட்டம் எடுத்துக்கொள்ளும். எல்லாம் நல்ல சட்டம்தான். என்ன விற்கப்பட்டது என்பதே தாளில் இல்லாவிட்டால் மன்றத்துக்குப் போனாலும் வாதம் வாய்வார்த்தையில் நிற்கும். அளவு, தரம், மீட்டர் மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

"ஜிஎஸ்டி இப்போ கட்டுங்க, கிளம்பும்போது திரும்ப வாங்கிக்கலாம்" என்றும் சொல்வார்கள். சுற்றுப்பயணிக்கான அந்த 9 விழுக்காடு, சாங்கி, சிலேத்தார் விமான நிலையங்கள் வழியாகப் புறப்படுகிறவர்களுக்குத்தான். சொந்தப் படகில் கிளம்புகிறவருக்குக் கிடையாது.

முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கார்டில் கொடுங்கள். கூடுதல் கட்டணம் கேட்டாலும் பரவாயில்லை, தகராறு வந்தால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். மீதிப் பணத்தை, சாமானை நீங்களே எடை போட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள். மரீனா காவலரிடம் காலையிலேயே சொல்லி வையுங்கள், நான் வரும்வரை எதற்கும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று. சங்கிலியை அளந்து முடிக்கும்வரை ஷாக்கிள் (இணைப்புக் கொக்கி) மாட்டவோ, மீட்டர் அடையாளத்துக்குப் பெயிண்ட் அடிக்கவோ வேண்டாம். பெயிண்ட் பட்ட சங்கிலியைக் கடை திரும்ப எடுக்காது. ஏமாந்தவருக்கு இப்போது அந்தக் கடை தருவதாகச் சொல்வது கிரெடிட் நோட், அதையும் அதே கடையில்தான் செலவழிக்க வேண்டுமாம்.